வெள்ளவத்தை வேட்டைக்காரன்

எங்கள் குடும்பத்தில் வேட்டைக்காரன் என்று பெயர் எடுத்தவன் நான்தான். இதுவரை ஒரு முயலைக்கூட நான் சுட்டதில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே மூன்றாம் மாடியில் குடியிருப்பவன் எதைப் போய்ச் சுடுவது, காகத்தையா? சுட்டதாக நான் வாய் திறந்து சொன்னதும் கிடையாது. ஆனால் கலியாண வீடுகளில் யாராவது "இவர் அந்தக் காலத்தில வன்னியில பெரிய வெடிகாரன்" என்று தொடங்கும்போது, "சீச்சீ, அப்பிடியொண்டுமில்லை" என்று ஒரு சிரிப்புச் சிரிப்பேன். பொய் முழுவதும் அந்தச் சிரிப்பில்தான் இருந்தது.

பெயர் வந்த வழியைச் சொல்கிறேன். என் பெரியப்பாவுக்கு நெடுங்கேணிப் பக்கம் வயலும் ஒரு இடியன் துவக்கும் இருந்தன. பள்ளிக்கூட விடுமுறைக்கு அங்கே போய்விட்டுத் திரும்பும்போது என் பையில் மரை வத்தல் இருக்கும். கொழும்புச் சொந்தக்காரருக்கு வத்தலைப் பங்கு போட்டுக் கொடுத்தவன் நான். கொடுத்தவன்தான் சுட்டவன் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். வத்தல் வாயில் இருக்கும்போது யாரும் விசாரணை வைப்பதில்லை.

உண்மையில் என் உத்தியோகம் டோர்ச் பிடிப்பது. குளத்தங்கரையில் பெரியப்பா நாக்கைத் தட்டி ஒரு ஓசை எழுப்புவார். உடனே நான் வெளிச்சம் அடிக்க வேண்டும். ஒருமுறை நன்றாக நித்திரையாகிவிட்டேன். ஓசை கேட்டுத் திடுக்கிட்டு எழும்பி அடித்த வெளிச்சம் நேரே பெரியப்பாவின் முகத்தில் விழுந்தது. பன்றி போய்விட்டது. அவர் சொன்ன வார்த்தையைப் பத்திரிகையில் போட முடியாது.

அந்தத் துவக்கை அவர் தயார்படுத்துவதைப் பார்ப்பது மட்டும் எனக்கு அலுக்காது. குழலை நிமிர்த்தி வைத்து மருந்தை அளந்து போடுவார். மேலே ஒரு பிடி தென்னந்தும்பு. கம்பியால் இடி. பிறகு ஈயம், மறுபடி தும்பு, மறுபடி இடி. கம்பி துள்ளி எழும்புகிற சத்தத்தைக் கேட்டே போதுமா இல்லையா என்று சொல்லிவிடுவார். எல்லாம் முடிந்தபின், இடுப்பில் செருகியிருக்கும் வெற்றிலைப் பையை அவிழ்த்து, சுட்டுவிரல் நுனியில் சுண்ணாம்பு தொட்டு, குழலின் வாயருகே இருக்கும் குமிழில் ஒரு பொட்டு வைப்பார். இருட்டில் குழல் தெரியாது, மிருகத்தின் உடம்பும் கரிக்கட்டை மாதிரித்தான் தெரியும். அந்த வெள்ளைப் பொட்டு ஒன்றுதான் துலக்கமாகத் தெரியும். பின்னால் இருக்கும் வெட்டுக்குள் பொட்டை உட்கார வைத்து இழுத்தால் சரி. இன்றைக்கு வெளிநாட்டில் பச்சையும் சிவப்புமாக ஒளிரும் நார் பதித்த குறிகளை நல்ல விலைக்கு விற்கிறார்கள். பெரியப்பாவுக்கு அது வெற்றிலைச் செலவுக்குள் அடங்கியது.

இந்தக் கதையெல்லாம் கேட்டு வளர்ந்தவன் என் அக்காவின் மகன். ஸ்காபரோவில் இருக்கிறான், வயது நாற்பத்தேழு. ஒன்ராறியோவில் மான் வேட்டை சட்டப்படி நடக்கிற காரியம். வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதிப் பத்திரம் எடுத்து, தூரத்திலிருந்தே தெரிகிற செம்மஞ்சள் உடுப்பைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். வாய்வழியாக மருந்து இடிக்கும் துவக்குக்கென்று சில இடங்களில் தனியாக நாட்கள் ஒதுக்குகிறார்கள். அவன் அப்படியொன்றை வாங்கியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் கூப்பிட்டான்.

"மாமா, ஸ்கோப் பூட்டுறதோ, இல்லாட்டி குமிழும் வெட்டுமா அப்பிடியே விடுறதோ? உங்களுக்குத்தானே இது தெரியும்."

தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் மனைவி, எதிரே சம்பந்தி வீட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்கட பரம்பரையில ஆரும் கண்ணாடி வச்சுச் சுட்டதில்லைத் தம்பி. கண்ணும் கையும் போதும்" என்றேன். சம்பந்தி தலையை ஆட்டினார். எனக்கு அது தேநீரைவிட இனிப்பாக இருந்தது.

அவன் ஒரு ஸ்கோப்பின் படத்தையும் அனுப்பியிருந்தான், இதுவாவது பார்க்கலாமா என்று. அதைப் பார்த்தவுடன் நான் செய்த காரியம் என்ன தெரியுமா? கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் படத்தை அழித்துவிட்டேன். துவக்கில் பூட்டுகிற தொலைநோக்கியின் படம் ஒரு தமிழனின் போனில், அதுவும் வெள்ளவத்தையில்! போர் முடிந்தது 2009இல் என்று மூளைக்குத் தெரிகிறது. கைவிரல் இன்னும் பழைய காலத்தில்தான் இருக்கிறது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்து, அந்தத் துண்டைச் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தியவர்கள் நாங்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் லொட்ஜுகளில் தங்கியிருந்த சனத்தைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். மறுநாள் உச்ச நீதிமன்றம் தடுத்தது. அந்தக் காலத்தில் இந்த மாடியில் ஒரு பைனாகுலர் வைத்திருந்தால்கூட, கடலில் கப்பல் பார்க்கத்தான் என்று நம்ப வைப்பதற்குள் கிழவனாகியிருப்பேன். ஆகவே ஸ்கோப் வேண்டாம் என்ற என் ஆலோசனையில் பரம்பரைப் பெருமை பாதி, பழைய பயம் பாதி. வேட்டை அறிவு துளியும் இல்லை.

மருமகன் என் சொல்லைக் கேட்டான். அதுதான் விபரீதம்.

நவம்பர் கடைசியில் மறுபடி கூப்பிட்டான். குரலில் உற்சாகம் இல்லை. மாலை வெளிச்சத்தில் மான் வந்திருக்கிறது. எழுபது, எண்பது யார் இருக்கும். வெட்டைப் பார்த்தால் குமிழ் மங்கல், குமிழைப் பார்த்தால் மான் மங்கல். ஒரு மாதிரி ஒப்பேற்றிச் சுட்டிருக்கிறான். புகை விலகியபோது மான் நிற்கவில்லை. பனியில் இரத்தம் மட்டும் இருந்தது. ஒற்றை வெடித் துவக்கு, திரும்ப இடித்து நிரப்புவதற்குள் அது காட்டுக்குள் போய்விட்டது. குண்டு வயிற்றில் பட்டிருந்தது. இருட்டும் வரை தடம் பார்த்துப் போய்க் கண்டுபிடித்து முடித்திருக்கிறான். "பாவம் மாமா" என்றான். என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் எதிர்த்து இரண்டு வார்த்தை பேசித் தப்பியிருப்பேன்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைப் படிக்கலாம் என்ற ஞானம் வந்தது. மான் செத்த பிறகு.

முதலில் போனது கறுவாத்தோட்டத்துத் தேசிய அரும்பொருட்காட்சியகத்துக்கு. 1877இல் திறந்த கட்டடம். பழைய ஆயுதங்களைப் பார்க்க அதைவிட்டால் வேறு இடமில்லை. வாய்வழியாக மருந்து இடித்த கூட்டத்தில் பெரிய தனவான் லெவ்கே திசாவையின் பீரங்கி. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்தது. 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து தூக்கிக்கொண்டு போய், அம்ஸ்ரர்டாமில் வைத்திருந்து, 2023இல்தான் திருப்பித் தந்தார்கள். என் கேள்விக்கு அது பதில் சொல்லாது, அலங்காரம் அப்படி. கண்டிக் காலத்து நீளத் துவக்குகள் பக்கம் போய், குறி எப்படி வைத்திருக்கிறார்கள் என்று குனிந்தேன். விளக்கப் பலகையில் ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. வாசிக்கிற கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன். போனை எடுத்துப் படம் பிடித்து, விரலால் இழுத்துப் பெருப்பித்து வாசித்தேன். வாசித்து முடிக்கும்போதுதான் உறைத்தது: கண்ணும் கையும் போதும் என்று கனடாவுக்கு உபதேசம் செய்தவன் கொழும்பில் ஒரு பலகை வாசிக்கக் கண்ணாடிச் சில்லின் உதவியை நாடி நிற்கிறேன்.

பிறகு புத்தகங்கள். இந்தத் தீவின் வேட்டை வரலாற்றில் இரண்டு வெள்ளைக்காரரைத் தாண்டிப் போக முடியாது. ஒருவர் சாமுவேல் பேக்கர். நுவரெலியாவில் குடியேறி, 1854இல் இலங்கை வேட்டை பற்றிப் புத்தகம் போட்டவர். பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் செய்து கொடுத்த அவருடைய ஒரு துவக்கு மாத்திரம் 21 இறாத்தல். எனக்கு வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து அரிசிப் பை தூக்கி வருவதற்கே இடையில் இரண்டு தரிப்பு. மற்றவர் மேஜர் ரொஜர்ஸ். 1400 யானைகள் வரை கொன்றார் என்று கணக்குச் சொல்கிறார்கள். அப்போது யானையைக் கொன்றால் அரசாங்கம் பரிசுப் பணம் கொடுத்தது. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. மேலே இருந்தவர் எந்தக் கண்ணாடி வைத்துக் குறி பார்த்தார் என்று எங்கும் எழுதவில்லை.

இவர்களுக்கு ஸ்கோப் தேவைப்படவில்லை என்பதை ஒரு வாதமாகப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். நிற்கவில்லை. மிகக் கிட்டப் போய் யானை நெற்றியில் சுடுகிறவனுக்குக் குறியே தேவையில்லை. நெஞ்சுரமும் ஓடத் தெரிந்த காலும் போதும். இன்னொரு செய்தி என் பரம்பரை வாதத்தை அடியோடு சாய்த்தது. இடியன் காலத்திலேயே தொலைநோக்கி பூட்டிச் சுட்டிருக்கிறார்கள். பம்பாய்ப் படையில் இருந்த டேவிட்சன் என்ற அதிகாரி அப்படியொன்றை வடிவமைத்தார். அவருடைய பெயரில் வந்த ஸ்கோப்பை அமெரிக்க உள்நாட்டுப் போரில் விட்வர்த் துவக்கின் பக்கவாட்டில் பூட்டித் தென்மாநிலத்துச் சுடுகாரர்கள் வைத்திருந்தார்கள். விட்வர்த்தும் வாய்வழியாக இடிக்கிற சாதிதான். ஸ்கோப் பூட்டினால் பழைமை கெட்டுவிடும் என்று நான் சொன்னதற்கு 160 வருடம் முன்னமே பதில் இருந்திருக்கிறது.

ஆனாலும் கொலராடோ மாநிலத்தில் வாய்வழித் துவக்குக்கான தனி வேட்டைக் காலத்தில் ஸ்கோப் கூடாது என்றே சட்டம். காரணம் விளங்குகிறது. பழைய ஆயுதத்தோடு போகிறவனுக்குச் சலுகையாகத் தனி நாட்கள் தருகிறார்கள். தூரத்தைச் சுருக்குகிற கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்தச் சலுகையைக் கேட்பது முறையல்ல. மிருகத்துக்குக் கிட்டப் போகத் தெரிந்தவன் போகட்டும் என்பது ஒரு நியாயம். சரியாகத் தெரியாதவன் சுடக்கூடாது என்பது இன்னொரு நியாயம். என் மருமகன் இருக்கும் இடத்தில் ஸ்கோப்புக்குத் தடை இல்லை. தடை போட்டவன் நான் ஒருவன்தான்.

நானே ஒருமுறை சுட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை. கொழும்பில் துவக்குக்கு எங்கே போவது? கொட்டாஞ்சேனையில் இருக்கும் நண்பர் வழி காட்டினார். அவர் வீட்டுப் பக்கம் கானிவல் ஒன்று போட்டிருந்தார்கள். பலகையில் பலூன் கட்டி, எயார் ரைபிளால் உடைக்கிற கடை. என் பேத்தியும் நண்பரின் பேரனும் பின்னால் நிற்க, நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கட்டையைக் கன்னத்தில் வைத்தேன்.

பலூன்கள் எனக்குப் பெரும் மரியாதை காட்டின. ஒன்றும் அசையவில்லை. கடைப் பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அங்கிள், ஒரு கண்ண மூடுங்க" என்றான்.

"மூடித்தானே இருக்கிறன்."

"அந்தக் கண்ண இல்ல அங்கிள், மத்தக் கண்ண."

நான் வலது தோளில் துவக்கை வைத்து, வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பேத்தி சிரித்த சிரிப்பு ஜம்பட்டா வீதி வரை கேட்டிருக்கும். பிறகு அவளே துவக்கை வாங்கி ஒரு மஞ்சள் பலூனை உடைத்தாள்.

வீட்டுக்கு வந்து விசாரித்தபோது இதற்கும் ஒரு காரணம் கிடைத்தது. கைபோலவே கண்ணிலும் ஒன்றுக்குத்தான் மேலாட்சி. இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு தூரத்தில் உள்ள சுவர் மணிக்கூட்டை விரலால் காட்டுங்கள். பிறகு ஒரு கண்ணை மூடுங்கள். விரல் அசையாமல் மணிக்கூட்டிலேயே நின்றால் திறந்திருக்கும் கண்தான் மேலாளும் கண். விரல் விலகிப் பாய்ந்தால் மற்றது. வலக்கைக்காரன் நான், கண்ணில் இடது கட்சி. இப்படி மாறியிருப்பவர்கள் வெறும் குறியில் சுடுவது சிரமம், ஒரு கண்ணை மூடப் பழக வேண்டும், இல்லையென்றால் தோளை மாற்ற வேண்டும். பெரியப்பா என்னிடம் துவக்கைத் தராமல் டோர்ச்சைத் தந்தது ஏன் என்று இப்போது விளங்குகிறது. அந்த மனிதருக்குக் கண் நன்றாகத் தெரிந்தது.

கடைசியாகப் போனது கண் வைத்தியரிடம். மருமகனின் பிரச்சினையைச் சொல்லாமல் என் கண்ணைக் காட்டுவது போலக் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள் இருக்கும் வில்லை இளமையில் இளகி வளைந்து கிட்டவும் தூரமும் மாறி மாறிப் பார்க்கும். வயது ஏற ஏற இறுகும், நாற்பதைத் தாண்டினால் அது தெரியவரும். வெள்ளெழுத்து என்பது அதுதான். துவக்கின் பின் வெட்டு ஒரு தூரம், முன் குமிழ் ஒரு தூரம், மிருகம் வேறொரு தூரம். எந்தக் கண்ணும் மூன்றையும் ஒரே நொடியில் துலக்கமாகப் பார்க்காது. இளம் கண் வேகமாகத் தாவிச் சமாளிக்கும். வயதான கண் ஏதாவது ஒன்றைக் கைவிடும். குமிழைத் துலக்கமாகப் பார்த்து மற்றதை மங்க விடு என்பதுதான் சுடுகாரர் பாடம். அந்தக் குமிழே மங்கினால் பாடம் எடுபடாது. கிட்டவும் தூரமும் சேர்ந்த கண்ணாடி போட்டாலும் தீராது: கிட்டப் பார்க்கும் பகுதி கீழே இருக்கிறது, கன்னத்தைக் கட்டையில் சாய்த்தால் கண் மேல் விளிம்பால் பார்க்கும்.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெட்டுக்கும் குமிழுக்கும் இடையில் 75 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். குமிழ் வெட்டுக்குள் வெறும் 1 மில்லிமீற்றர் தள்ளி உட்கார்ந்தால், 75 மீற்றர் தூரத்தில் குண்டு 10 சென்ரிமீற்றர் தள்ளிப் போகும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடைப்பட்ட வித்தியாசம் அவ்வளவுதான். என் பெருமையின் அளவு 1 மில்லிமீற்றர் என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

மனைவி இந்த ஆராய்ச்சியை ஆரம்பத்திலிருந்து கவனித்துக்கொண்டிருந்தவள். ஒருநாள் மத்தியானம் சொன்னாள்: "இஞ்சருங்கோ, உங்களுக்கு விளைமீனில முள்ளே தெரியேல்லை. நீங்கள் மானுக்குக் குறி சொல்லுறியள்." சம்பந்தி வீட்டார் அன்றைக்கு வரவில்லை, அந்த மட்டில் புண்ணியம்.

ஸ்கோப்புக்கும் சீக்கு இல்லாமலில்லை. அதையும் மருமகனுக்குச் சொல்லத்தான் வேண்டும். குளிரில் மூச்சுப் பட்டால் கண்ணாடி மங்கும். பெருக்கம் கூடக் கூடப் பார்வைப் பரப்பு குறையும். பற்றைக்குள் நகரும் மானைத் தேடுவது குழல் வழியே ஊரைத் தேடுவதுதான். கண்ணை மூன்று நான்கு அங்குலம் தள்ளி வைக்காவிட்டால் துவக்கு உதைக்கும்போது விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். எல்லாவற்றையும்விட மோசமானது, தூரம் கிட்டத் தெரிவதால் வருகிற துணிவு. கண்ணாடி மானைக் கிட்டக் கொண்டுவரும், குண்டைக் கிட்டக் கொண்டுபோகாது. உருண்டைக் குண்டு சீக்கிரம் வேகம் இழக்கிற பொருள். 100 யாருக்கு அப்பால் அதை நம்பிச் சுடுவது அடாத்து. கருமருந்தின் கரி வேறு. ஈரத்தை உறிஞ்சி குழலைத் தின்றுவிடும். பெரியப்பா விடியற்காலையில் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் போட்ட பிறகுதான் தேத்தண்ணி குடிப்பார்.

அந்தத் துவக்கு இப்போது இல்லை. இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டது. இருந்திருந்தாலும் நான் தொடுவதற்கு அனுமதி இல்லை: 1916ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப் பத்திரம் வேண்டும், மானும் மரையும் 1937ஆம் ஆண்டு விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் பிடியில் இருக்கின்றன. நான் பங்கு போட்டுக் கொடுத்த வத்தலும் அந்தச் சட்டத்துக்கு நல்ல பிள்ளையாக வந்து சேர்ந்ததில்லை. சாப்பிட்டவர்களில் பலர் இன்று கனடாவில் பெரிய மனிதர்கள். பெயர் சொல்லமாட்டேன்.

போன கிழமை மருமகனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சுட்டதில்லை, டோர்ச் பிடித்தவன், அதுவும் ஒழுங்காகப் பிடிக்காதவன் என்று. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அது அம்மா முந்தியே சொன்னவ மாமா. கேக்காட்டி உங்களுக்கு மனவருத்தமா இருக்கும் எண்டுதான் கேட்டனான்" என்றான்.

என் தீர்ப்பைச் சொன்னேன். கண் துலக்கமாகத் தெரிகிறவன், 50 யாருக்குள் போகும் பொறுமை உள்ளவன், குமிழும் வெட்டுமாகவே வைத்திருக்கட்டும், அது அழகு. நாற்பத்தைந்து கடந்தவன் சட்டம் இடம் கொடுக்கும் இடத்தில் ஸ்கோப் பூட்ட வேண்டும், பெருக்கம் குறைந்ததாக, தூரம் பழைய தூரமாகவே. அவன் ஏற்கெனவே ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். மானுக்குச் செய்த பாவத்துக்குப் பரிகாரமாகப் பாதி விலை நான் தருகிறேன் என்றேன். கனடா டொலரில் எவ்வளவு என்று கேட்டறிந்த பிறகு கால்வாசி என்று திருத்திக்கொண்டேன்.